மேடை தரும் துணிவு

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் போயிருக்கிறீர்களா? கூட்டத்தில் தெரிந்தவர் ஒருவர் எதிர்ப்பட்டு, "எப்ப வந்தீங்க?" என்று கேட்கிறார். நீங்கள் புன்னகைத்துப் பதில் சொல்கிறீர்கள். மிக எளிய செயல்தான். ஆனால் அந்த ஒரு நொடிக்குள் அவருடைய குரல், முகக்குறி, நாம் பேசவேண்டிய தருணம் ஆகிய அனைத்தையும் உங்கள் மூளை கணித்துவிடுகிறது.

மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசம் உள்ள பலருக்கு இக்கணிப்பு தானாக நிகழ்வதில்லை. ஆட்டிசம் நோயன்று; மூளை வளர்ச்சியில் அமையும் ஒரு வேறுபாடு. சிலரை ஒலியும் ஒளியும் மிகையாகத் தாக்கும். சிவகாசிப் பிள்ளைகள் துள்ளிக் குதித்து ரசிக்கும் வெடிச் சத்தம், அவர்களுள் ஆட்டிசம் உள்ள பிள்ளையைக் காதைப் பொத்திக்கொண்டு ஓடச் செய்யலாம். அடுத்து என்ன நிகழும் என்று தெரியாதபோது அச்சம் பெருகுகிறது. அச்சம் பெருகினால் பேச்சும் நின்றுபோகிறது.

இதற்கு நாடகம் எவ்வாறு உதவும்? மேடையில் முதலில் யார் பேசுவார், எங்கே நிற்பது என்பதெல்லாம் முன்பே தெரியும். தவறினால் மறுபடி தொடங்கலாம். வாழ்க்கையில் கிடைக்காத இச்சலுகை ஒத்திகையில் கிடைக்கிறது. கோபம் கொண்ட அரசனாக நடிக்கும் பிள்ளை, கோபத்தில் புருவமும் குரலும் எப்படி மாறுகின்றன என்பதையும் கவனித்துப் பழகுகிறது.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளைத் கார்பெட் என்னும் அறிஞர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஆட்டிசம் உள்ள, 8 முதல் 14 வயதுவரையான 30 பிள்ளைகளில் 17 பேர், பயிற்சி பெற்ற பிற பிள்ளைகளுடன் சேர்ந்து 10 அமர்வுகளில் நாடகம் பழகினர். மற்ற 13 பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தனர். 2016-இல் வெளியான முடிவுகளின்படி, நாடகம் பழகியோர் முகங்களை நினைவில் கொள்வதிலும், பிறர் மனத்தை ஊகிப்பதிலும், கூடி விளையாடுவதிலும் முன்னேறினர். சிறிய ஆய்வுதான், எனினும் நம்பிக்கை தருவது.

நம் நாட்டிலும் இம்முயற்சி புதிதன்று. சென்னையில் அம்பிகா காமேஷ்வர் 1989-இல் நிறுவிய 'ரமண சுநிருத்ய ஆலயா', இசை, நடனம், நாடகம் வழியாகச் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் வளர்ச்சிக்கு உதவி வருகிறது.

வகுப்பறையிலேயே நீங்களும் தொடங்கலாம். நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் விருதுநகர்–சிவகாசிப் பேருந்து தயார். ஒருவர் நடத்துநர், மற்றவர் பயணி. விசில் சத்தம் பிடிக்காத பிள்ளை இருந்தால் விசில் வேண்டாம். "எங்க போகணும்?" "சிவகாசி ஒண்ணு." பேச்சு வராத பிள்ளை ஊர்ப் பெயர் எழுதிய அட்டையைக் காட்டலாம். இது பழகியபின் வேடங்களை மாற்றுங்கள். அதன்பிறகே "சில்லறை இல்லையே!" என்பதுபோன்ற எதிர்பாராத வசனத்தைச் சேருங்கள். சிறுகச் சிறுகச் சேர்த்தால் எதிர்பாராததும் பழகிப்போகும்.

ஓர் எச்சரிக்கை. நாடகப் பயிற்சி, இயல்பை மறைக்கக் கற்பிப்பதாகிவிடக் கூடாது. கண்ணோடு கண் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும், கையசைவை அடக்கச் சொல்வதும் தவறு. மற்றவர்களைப்போலத் தோன்றுவதற்காக நாள் முழுதும் நடிப்பவர்களிடம் களைப்பும் மனச்சோர்வும் மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. மேடை நடிப்புக்கோ முடிவு உண்டு. திரை விழுந்ததும் நாம் நாமாகிவிடலாம். துணிவு வளர்வது அந்த விடுதலையில்தான்.

புரிந்துகொள்ளத் தவறுவது ஒரு தரப்பு மட்டுமன்று. ஆட்டிசம் உள்ளவரான ஆங்கிலச் சமூகவியலறிஞர் டேமியன் மில்டன் 2012-இல் இதை வலியுறுத்தினார். எனவே உண்மைப் பேருந்தில் ஒரு பிள்ளை பதில் சொல்லச் சற்றுத் தாமதித்தால், நமக்கும் ஒரு வேடம் உண்டு: அவசரப்படுத்தாமல் காத்திருப்பவர் வேடம். அதற்கும் ஒத்திகை தேவைதான் அல்லவா?