மூக்குக்குள் முறைப் பாசனம்

'காலையில் இடப்பக்க மூக்கு அடைக்கிறது, மதியம் வலப்பக்கம். இது சைனஸா?' என்று கேட்கிறார் ஒரு வாசகர். சளி, தும்மல், தலைவலி எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் இது நோயே அல்ல. கண்கள் இரண்டும் சேர்ந்து தூரத்தை அளக்கின்றன. காதுகள் இரண்டும் சேர்ந்து திசையைப் பிடிக்கின்றன. நாசிகள் மட்டும் ஒரே நேரத்தில் சமமாக உழைப்பதில்லை.

நாசியின் பக்கச் சுவரில் சுருண்ட எலும்பு மடிப்புகள் உண்டு. அவற்றில் பெரியது கீழ்மடிப்பு. அதைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்குள் நுண்ணிய சிரைப் பைகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அவற்றில் ரத்தம் நிரம்பினால் சவ்வு உப்பி வழி குறுகும், வடிந்தால் அகலும். அதாவது, அடைத்துக்கொண்டிருப்பது பல நேரம் சளியல்ல, ரத்தம். எத்தனை முறை சிந்தினாலும் அது போகாது. பரிவு நரம்புகள் ரத்தக் குழாய்களை இறுக்கியிருக்கும் பக்கம் திறந்திருக்கும். பிடி தளர்ந்த பக்கம் உப்பும். சில மணி நேரத்தில் பக்கம் மாறும். எல்லோருக்கும் இது ஒழுங்காக நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முறைப் பாசனம்தான் இது. நீர்ப்பாய்ச்சி ஒரு வாய்க்காலின் மடையைத் திறக்கும்போது மற்றதைத் தாழ்த்துகிறார், முழுதாக மூடுவதில்லை. மொத்த வரத்து ஏறக்குறைய அப்படியே இருப்பதால் முறை மாறுவது நமக்குத் தெரிவதில்லை. அவருடைய கொட்டகை மூளையின் ஹைப்போதலாமஸ் பக்கம் இருக்கிறது. ஜலதோஷம் வந்தால் இரண்டு வாய்க்காலிலும் கரையே வீங்கி வழியை அடைக்கும். எந்த ஊர்க் கரையும் வீங்காது என்பதால் உவமையை இங்கேயே விட்டுவிடலாம்.

வரலாறு வேண்டுவோருக்கு: 1895இல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்தார். இடகலை, பிங்கலை என்று மூச்சு பக்கம் மாறுவதை நம் யோக மரபு அதற்கு வெகுமுன்பே கவனித்திருந்தது. யோகிகள் அக்குளில் ஊன்றும் யோக தண்டத்திலும் விஷயம் இருக்கிறது: அக்குளை அழுத்தினால் அந்தப் பக்க நாசி உப்பும், எதிர்ப்பக்கம் திறக்கும். ஆனால், இன்ன நாசியில் மூச்சு விட்டால் சர்க்கரை நோய் ஓடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஒரு பலன் உண்டு. 1999இல் நோம் சோபெல் குழுவினர் 'நேச்சர்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். புதினா வாசனை தரும் கார்வோன் சவ்வில் சட்டென்று ஒட்டும். காற்று வேகமாகப் போனால்தான் அது வாசலிலேயே தங்கிவிடாமல் வாசனை உணரும் பரப்பு முழுவதும் பரவும். ஆக்டேன் மெதுவாக ஒட்டுவது. அதற்கு நிதானமான காற்று வேண்டும். இரண்டையும் கலந்து முகரச் சொன்னபோது, திறந்த நாசிக்குக் கார்வோன் தூக்கலாகவும், குறுகிய நாசிக்கு ஆக்டேன் தூக்கலாகவும் தெரிந்தன. ஒரே கலவை, இரண்டு வாசனைகள். இரண்டு நாசிகளும் சமமாகத் திறந்திருந்தால் இந்த வித்தியாசம் கிடைத்திருக்காது.

ஆகவே, பக்கம் மாறி மாறி அடைத்தால் சொட்டு மருந்தைத் தேட வேண்டாம். நாள்கணக்கில் போட்டால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும். எப்போதும் ஒரே பக்கம்தான் அடைக்கிறதென்றால் அது முறை மாறுவதல்ல. நடுச்சுவர் வளைந்திருக்கலாம், உள்ளே சதை வளர்ந்திருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.