டயரைவிட 1,000 மடங்கு அழுத்தம்... டீசல் கசிவை விரலால் தடவிப் பார்ப்பவரா நீங்கள்?

பெங்களூரு நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர் ஜூஜுவாடி. தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. ஒரு பக்கம் ஓசூர் சிப்காட், இன்னொரு பக்கம் இரவு பகலாக லாரிகள். அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் வண்டி தயாரிக்கும் இந்தப் பகுதியில், எல்லா வண்டிக்கும் உயிர்நாடி ஒரு குட்டி சமாசாரம்: நாசில்.

மார்கழிக் குளிரில் சோக்கை இழுத்துவிட்டு பைக்கை உதை உதை என்று உதைத்த காலம் ஞாபகம் இருக்கிறதா? பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். குளிரில் ஆவியாவது குறைவு. அதனால் சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்து, பெட்ரோலைக் கூட்ட வேண்டியிருந்தது. 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்-6 விதி வந்ததும், புதிய பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது. சோக்குக்கும் டாட்டா!

துளி சின்னதாவதில்தான் சூட்சுமம். ஈரத்துணியைச் சுருட்டி வைத்தால் காயுமா, விரித்துப் போட்டால் காயுமா? அதே கதைதான். 1 மி.மீ துளி ஒன்றை 0.1 மி.மீ துளிகளாக உடைத்தால் 1,000 துளிகள் கிடைக்கும். எரிபொருள் அதே அளவுதான். ஆனால் காற்று தொடும் பரப்பு 10 மடங்கு!

டீசல் லாரியில் இது இன்னும் முரட்டு வேலை. அங்கே ஸ்பார்க் பிளக் கிடையாது. அமுக்கிச் சூடேறிய காற்றுக்குள் டீசலை நேராகப் பீய்ச்ச வேண்டும். இன்றைய இன்ஜின்களில் அந்த அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல 2,000 மடங்குவரை போகும். கார் டயரில் இருப்பது வெறும் 2 மடங்கு! நாசிலின் ஓட்டையோ 0.1 முதல் 0.2 மி.மீ. வெளியே பாயும் டீசலைக் காற்று உரசி நூலாக்கும், நூல் அறுந்து துளியாகும்.

வேடிக்கை நாசிலுக்கு உள்ளேயும் உண்டு. ஓட்டையின் விளிம்பில் டீசல் திரும்பும்போது அழுத்தம் சட்டென்று விழும்; டீசலிலேயே ஆவிக்குமிழிகள் கிளம்பும். துளியை உடைக்க அவை உதவும். ஆனால் உலோகத்தை ஒட்டி வெடித்தால் நாசிலையே அரித்துவிடும். நாசில் கெட்டால் துளி பெரிதாகும்; கரும்புகை வரும், மைலேஜ் அடிவாங்கும்.

பட்டறைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். ஓடும் இன்ஜினில் கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத பீய்ச்சல் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் இருக்கும், முதலில் வலிகூடத் தெரியாமல் போகலாம். சில மணி நேரத்தில் வீங்கி, உள்ளே திசுக்கள் அழுகி, விரலையே எடுக்க நேர்ந்தவர்கள் உலகெங்கும் உண்டு. கிரீஸ் கன்னிலும், காற்றில்லாமல் அழுத்தத்தால் அடிக்கும் பெயின்ட் கன்னிலும் இதே ஆபத்துதான்.

கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். கழற்றுவதற்கு முன் இன்ஜினை நிறுத்தி, அழுத்தம் இறங்கக் காத்திருங்கள். தப்பித்தவறி குத்திவிட்டால், 'சின்னப் புள்ளிதானே' என்று மஞ்சள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் சென்று, 'அதிக அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது' என்று முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.