கராஜும் காப்புறுதியும்

மோட்டார் திருத்தும் கராஜ் ஒன்றுக்குத் தீக்காப்புறுதி செய்ய முனைவோர் கூரை, கருவிகள், இயந்திரங்கள் ஆகியவற்றின் பெறுமதியையே முதலிற் கணக்கிடுவர். ஆனால் அங்கே நிற்பவற்றுள் விலைமிக்கவை கராஜ்காரருக்குச் சொந்தமானவையல்ல. திருத்த வந்த பிறருடைய வண்டிகளே. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைச் சாதாரணத் தீக்காப்புறுதிப் பத்திரம், வெளிப்படையாக எழுதப்பட்டாலன்றி, ஏற்பதில்லை. பெற்றோல் தாங்கிக்கு அருகே ஒட்டுவேலையின் தீப்பொறி பறக்கும் இடத்தில் இஃது அற்ப விடயமன்று. "வண்டிகளுக்கு நாம் பொறுப்பல்ல" எனப் பலகை தொங்கவிட்டு நிம்மதியாயிருப்போரும் உளர்! இரவில் அதிகப்படியாக எத்தனை வண்டிகள் நிற்கும், அவற்றின் பெறுமதி யாது என்பதைக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, அதனைப் பத்திரத்திற் சேர்ப்பித்தலே தக்கது.

திருத்திய வண்டியை வேலையாள் ஓட்டிப் பார்க்கையில் விபத்து நேரின் என் செய்வது? 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. ஆயினும் உரிமையாளரின் பத்திரம் கராஜ் வேலையாளையும் தழுவுமா என்பதை முன்னரே விசாரித்தறிதல் வேண்டும்.

பெறுமதியைக் குறைத்தெழுதிக் கட்டணத்தை மிச்சம்பிடிப்பது வீண் சாமர்த்தியம். 50 இலட்சம் ரூபா பெறுமதியானதை 25 இலட்சத்துக்கு எழுதியவர், 10 இலட்சம் எரிந்தால், சராசரி விதிப்படி 5 இலட்சமே பெறுவார்.

1983 ஆடியில் எரிந்த கடைகளை நினைவிற்கொண்டோர், கலகத்தால் விளையும் சேதம் பத்திரத்தில் தனியாகச் சேர்க்கப்பட்டுள்ளதா எனவும் பார்ப்பர்.