கார் இன்ஜினை விமானத்தில் பூட்டலாமா?

அமெரிக்காவில் வீட்டு கார் ஷெட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேலையில் பாதிக்கு மேல் சொந்தக் கையால் செய்திருந்தால், அந்நாட்டு விமானத்துறை அதை ‘பரிசோதனை’ வகையில் பதிவு செய்துகொள்ளும். இறக்கையை, உடலைச் செய்துவிடலாம். இன்ஜினைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். விலையோ மலைக்க வைக்கும். அப்போதுதான் அந்த ஆசை வரும்: பழைய கார் இன்ஜின் ஒன்றைப் பூட்டிவிட்டால் என்ன?

அசட்டுக் கேள்வி அல்ல இது. 1929-இலேயே மினசோட்டாக்காரர் பெர்னார்ட் பீட்டன்போல், தன் ‘ஏர் கேம்பர்’ விமானத்தை ஃபோர்டு மாடல் ஏ கார் இன்ஜினில் பறக்கவிட்டார். வெறும் 40 குதிரைத்திறன்தான். ஆனால் அதை நிமிடத்துக்கு 2,200 சுற்றிலேயே தந்துவிடும் இன்ஜின் அது. சூட்சுமம் அந்தச் சுற்றில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புரொப்பல்லரின் குறுக்களவு 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2,700 சுற்றில் அதன் முனை நொடிக்குச் சுமார் 254 மீட்டர் வேகத்தில் போகும். 5,800 சுற்றில் சுமார் 547 மீட்டர். ஒலியின் வேகமே 340 சொச்சம்தான். முனை அதைத் தொட்டால் காது கிழியும். இன்ஜினின் சக்தி விமானத்தை இழுக்காமல் காற்றோடு மல்லுக்கட்டுவதில் வீணாகும். அதனால்தான் லைகாமிங் ஓ-320 போன்ற விமான இன்ஜின், 5.2 லிட்டர் கொள்ளளவு இருந்தும், 2,700 சுற்றில் 150, 160 குதிரைத்திறனோடு நின்றுவிடுகிறது. கார் மெக்கானிக் கேட்டால் சிரிப்பார். ஆனால் அதன் கிராங்க் ஷாஃப்ட்டிலேயே நேராகப் புரொப்பல்லரை மாட்டிவிடலாம். ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் என்ற இன்னொரு விமான இன்ஜின் வேறு வழியில் போகிறது: 1.35 லிட்டர், 5,800 சுற்று, 100 குதிரைத்திறன். இடையில் ஒரு கியர்பாக்ஸ் அந்தச் சுற்றை 2,400-க்குக் கீழே இறக்கிவிடும்.

இன்றைய கார் இன்ஜினுக்கும் அப்படியொரு கியர்பாக்ஸோ பெல்ட்டோ வேண்டும். பிறகு ரேடியேட்டர், அதற்குக் காற்று வரும் வழி, வயரிங், தாங்கும் சட்டம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். போதாததற்கு, சாலையில் ஓடும் கார் தன் திறனில் சிறு பங்கைத்தான் செலவழிக்கும். விமான இன்ஜின் மணிக்கணக்கில் முக்கால்வாசித் திறனில் உழைக்கும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இன்ஜின் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. காற்றாலேயே குளிரும், நேரடியாகவே புரொப்பல்லரைச் சுழற்றும். சின்ன விமானத்துக்கு அது போதும்.

நடுவானில் ஓரங்கட்டி பானட்டைத் திறக்க முடியாது. ஆகவே லைகாமிங்கில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குத் தனித்தனி மேக்னெட்டோ. பேட்டரி செத்தாலும் மேக்னெட்டோ தானே பொறி தரும். ஓடுபாதைக்குப் போகுமுன் விமானி சாவியைத் திருப்பி ஒன்றை அணைப்பார். சுற்று சற்றே இறங்கும், ஓட்டம் நிற்காது. மீண்டும் இரண்டையும் போட்டுவிட்டு, அடுத்ததையும் அப்படியே அணைத்துப் பார்ப்பார். கார் இன்ஜின் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: பொறி நின்றால் மாற்று என்ன?

எடையும் முக்கியம். மூக்கில் இருக்கும் இன்ஜின் தராசின் ஒரு தட்டு மாதிரி. கனமானால் மூக்கு தாழும். லேசானால் வால் கனக்கும், அது இன்னும் ஆபத்து. ஆகவே விமானத்தின் வரைபடம் தந்தவர் எந்த இன்ஜினைச் சொன்னாரோ அதையே வாங்குங்கள் என்பதே என் கட்சி. முதல் விமானம் கட்டுகிறவருக்கு இதில் சலுகையே கிடையாது.

அமெரிக்க விமானத்துறையும் ஏறக்குறைய அதையே நினைக்கிறது. சான்று பெற்ற இன்ஜினும் அதற்கென ஒப்புதல் பெற்ற புரொப்பல்லரும் சேர்ந்திருந்தால் சோதனைப் பறப்பு வழக்கமாக 25 மணி நேரம். வேறு எதைப் பூட்டினாலும் 40. அதுவரை பக்கத்து இருக்கையில் சும்மா பயணியாக யாரையும் ஏற்றக்கூடாது.