கிணற்று நீரில் ஒரு கைத்தொழில்: வலிஸ்னேரியா

மீன் தொட்டியின் பின்புறக் கண்ணாடியை மறைத்து, பச்சை நாடா போல நீண்டு நிற்கும் செடியை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். அதுதான் வலிஸ்னேரியா. அந்தோனியோ வலிஸ்னேரி என்ற இத்தாலிய அறிஞரின் பெயரால் அழைக்கப்படுகிறது.

புத்தளத்தில் எங்கள் வீட்டுக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால் கேத்தலின் அடியில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். இந்த நீரில் நான் வளர்க்க முயன்ற செடிகள் பல வாடிவிட்டன. வலிஸ்னேரியா மட்டும் தழைத்தது. நீரில் கரைந்துள்ள காபனீரொட்சைட்டை மட்டுமல்லாது, கடின நீரில் நிறைந்திருக்கும் இருகாபனேற்றையும் இச்செடி உணவாக்கப் பயன்படுத்தும். எனவே வாயு சிலிண்டர் வாங்கும் செலவு இல்லை. ஒரு சீமெந்துத் தொட்டி, இரண்டு அங்குலம் கழுவிய மணல், ஓரளவு வெளிச்சம். என் முதலீடு இவ்வளவுதான்.

நடும்போது வேர் மட்டுமே மணலுக்குள் இருக்க வேண்டும். இலைகள் கிளம்பும் வெண்ணிறக் கழுத்துப் பகுதியைப் புதைத்தால் அழுகிவிடும். வேரூன்றியதும் பக்கவாட்டில் தண்டு ஓடி, அதன் நுனியில் கன்று முளைக்கும். கன்றுக்கு நாலைந்து இலையும் சொந்த வேரும் வந்த பிறகே வெட்டிப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் நட்டம்.

ஒரு தடவை கடைக்காரர் ஒருவருக்கு நூறு கன்றுகள் கொடுத்தேன். பத்து நாளில் தொலைபேசி எடுத்தார். "நானா, நீங்க தந்ததெல்லாம் கரைஞ்சு போச்சு. காசைத் திருப்பித் தாங்க" என்றார். நேரில் போய் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் வெண்மையாக, உறுதியாக இருந்தது. நீர் மாறினால் பழைய இலை உதிர்ந்து புது இலை வருவது இச்செடியின் வழக்கம். இன்னொரு தொட்டியில் வேரும் கூழாகியிருந்தது. பாசியை அழிக்க 'திரவக் காபன்' ஊற்றினாராம். அந்த மருந்தில் உள்ள குளூட்டரல்டிகைட்டு வலிஸ்னேரியாவுக்கு ஆகாது. இவ்விரண்டையும் விற்கும்போதே சொல்லாதது என் பிழை. பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். மிகுதிச் செடிகள் ஒரு மாதத்தில் துளிர்த்தன. அவர் இன்றும் என்னிடமே வாங்குகிறார்.

அனுப்பும்போது வேரை ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றிப் பொலித்தீன் பையில் கட்டுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். கழித்த செடிகளை ஆற்றிலோ குளத்திலோ எறிய வேண்டாம். காயவைத்துப் பசளைக் குழியில் போடலாம்.