மியூட்டை எடுங்க தம்பி!

விழிதியூரில் எங்கள் வீட்டுத் திண்ணைதான் என் ஆபீஸ். மானேஜர் இருப்பது சென்னையில். நடுவே ஒரு செல்போன் கோபுரமும் ஐப்பசி மழையும்.

அன்றைக்கு வீடியோ மீட்டிங். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி. (காமிரா கீழே இறங்காது என்கிற தைரியம்!) ஐந்து நிமிஷம் மூச்சு விடாமல் கணக்கை ஒப்பித்தேன். “மியூட்டை எடுங்க தம்பி!” என்றார் மானேஜர். எடுத்தேன். அந்த விநாடி பார்த்து அப்பா, “டேய், கன்னுக்குட்டி அவுத்துக்கிச்சுடா!” என்று கத்தினார். அது மட்டும் எல்லோருக்கும் துல்லியமாகக் கேட்டது.

சிரிப்பு அத்தோடு சரி. அடுத்த வாரம், “ஆர்டர் தேதி மாறினதை நீ சொல்லவே இல்லையே?” என்று பழி என் தலையில். சொன்னேன் சார், வீடியோவில்! சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது, மழையையா? நல்லவேளை, மீட்டிங் முடிந்த கையோடு அதையே ஒரு வரி எழுதியும் அனுப்பியிருந்தேன். தேதி, நேரத்தோடு பத்திரமாக இருந்தது. வேலை தப்பியது.

அப்புறம்தான் இந்த மென்பொருள்களை ஒவ்வொன்றாக அலசினேன்.

ஜூம்: முகம் பார்த்துப் பேச சுலபம். இலவசக் கணக்கென்றால் 40 நிமிஷத்தில் கதவைச் சாத்திவிடும். (சில ஆபீஸ்களுக்கு இது வரப்பிரசாதம்!)

கூகுள் மீட்: மூன்று பேர் சேர்ந்தால் இலவசம் 60 நிமிஷம்தான்.

ஸ்லாக்: எழுத்துப் பேச்சில் கெட்டி. ஆனால் இலவசத் திட்டத்தில் 90 நாளைக்கு முந்தைய செய்தி கண்ணில் படாது.

டீம்ஸ்: மைக்ரோசாஃப்டின் 2017 வரவு. வேர்ட், எக்ஸெல் புழங்கும் ஆபீஸுக்குத் தோது.

ஸோஹோ கிளிக்: நம்ம ஊர்ச் சரக்கு. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனி. அங்கே உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதலாமென்றால், விழிதியூர்த் திண்ணையில் கணக்கு எழுதக் கூடாதா?

சிக்னல் தடுமாறினால் வீடியோ நொண்டும். எழுத்துச் செய்தி அப்படியில்லை. காத்திருந்து, சிக்னல் வந்ததும் போய்ச் சேரும். ஆனால் எந்த மென்பொருளும் சாசுவதமில்லை. 2011-ல் 850 கோடி டாலருக்கு விலைபோன ஸ்கைப்பையே 2025 மே மாதம் மூடிவிட்டார்கள். முக்கியமானதை உங்கள் பக்கமும் ஒரு பிரதி வையுங்கள்.

முகம் பார்க்க வீடியோ, வேலையைக் காப்பாற்ற எழுத்து. அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்: இனிமேல் கன்றுக்குட்டி விஷயமானாலும் எழுத்து மூலமாகத்தான்!