மூலையில் கிடக்கும் திருகை மீண்டும் சுற்றட்டும்

திருகை, திரிகை, திருவை, ஏந்திரம் என்று ஊருக்கு ஒரு பெயர் உண்டு. மாவு மில் வந்த பிறகு அது தொழுவத்து மூலைக்குப் போய்விட்டது. இப்போது பழைய சாமான் வியாபாரிகள் வீடு தேடி வந்து கேட்கிறார்கள். விடுதி வாசலில் அழகுக்கு வைக்கத்தான். கொடுப்பதற்கு முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

நிலக்கடலைக்கு ஊடுபயிராகவோ வரப்போரமாகவோ துவரை போட்டால் ஐம்பது, நூறு கிலோ கைக்கு வரும். பெரிய பருப்பு ஆலைகள் இந்தச் சிறிய அளவைத் தனியாக உடைத்துத் தருவதில்லை. எனவே முழுத் துவரையாக விற்றுவிட்டு, அடுத்த மாதம் கடையில் பருப்பாக வாங்குகிறோம். இடையில் உள்ள விலை வித்தியாசம் நம் வீட்டை விட்டுப் போகிற பணம். கல் நல்ல நிலையில் இருந்தால் அதில் ஒரு பகுதியையாவது தடுக்கலாம்.

முதலில் கல்லைச் சோதியுங்கள். மேல்கல்லைத் தூக்கி நிறுத்தி, சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல கல். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கிறது என்று பொருள், அதை விட்டுவிடுங்கள். பெயிண்ட் அடித்த கல், சிமெண்ட் பூசி ஒட்டிய கல் ஆகியவையும் உணவுக்கு ஆகாது.

அடுத்து நடு முளை. இதைப் பலரும் கவனிப்பதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். கீழ்க்கல்லின் குழியில் இரும்பு முளையை இறுக்க, சில இடங்களில் ஈயத்தை உருக்கி ஊற்றுவது உண்டு. 1980-களில் மேற்குக் கரைக் கிராமங்களில் பலருக்கு ஈய நச்சு ஏற்பட்டது. தேடிப் பார்த்தபோது, ஊர் மாவு ஆலையின் கல்லை இறுக்க ஊற்றிய ஈயம் தேய்ந்து மாவில் கலந்தது தெரியவந்தது. வேறு நாடுகளிலும் இப்படி நடந்திருக்கிறது. உங்கள் கல்லில் முளையைச் சுற்றிச் சாம்பல் நிற உலோகம் தெரிந்தால் கத்தி முனையால் கீறுங்கள். மெத்தென்று வழித்து, கீறிய இடம் வெள்ளி போல மின்னினால் அது ஈயமாக இருக்கலாம். சந்தேகம் இருந்தாலே அந்தக் கல்லில் உணவு அரைக்க வேண்டாம். முளை வெறுமனே துருப்பிடித்திருந்தால் பட்டறையில் எவர்சில்வர் கம்பியில் புது முளை அடித்து, காய்ந்த கட்டை ஆப்பு வைத்து இறுக்கிக்கொள்ளலாம்.

இனி கொத்துவது. ‘அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ’ என்று தெருவில் குரல் கொடுத்து வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வரும்போது விடாதீர்கள். நீங்களே கொத்துவதானால், கல்லை நனைத்துக்கொண்டு கொத்துங்கள். கருங்கல் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு முகக்கவசமும் கட்டாயம். நடுவில் இருந்து விளிம்பு நோக்கிப் போகும் பழைய வரிகள் மங்கலாகத் தெரியும். அவற்றையே ஆழப்படுத்தினால் போதும், புதிதாகக் கோலம் போட வேண்டாம். இரண்டு கல்லுக்கும் இடையே நடுவில் இடைவெளி சற்றுக் கூடுதலாகவும் விளிம்பில் குறைவாகவும் இருக்க வேண்டும். தானியம் உள்ளே இறங்கி, விளிம்புக்கு வரும்போது அரைபட வேண்டும் என்பதே காரணம்.

கொத்திய கல்லை நார் பிரஷ் போட்டுக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காய வையுங்கள். பிறகு நொய்யரிசியைப் போட்டு மூன்று நான்கு முறை அரைத்துக் கொட்டுங்கள். அதில் கல்பொடி இருக்கும், மாட்டுக்கும் கோழிக்கும் போடக் கூடாது. கடைசியாக அரைத்ததை நாக்கில் வைத்துப் பாருங்கள். நறநறவென்றால் இன்னொரு முறை அரைக்க வேண்டும். தானியம் போடாமல் வெறும் கல்லை ஒருபோதும் சுற்றாதீர்கள். கல்லோடு கல் உரசினால் மறுபடியும் பொடி உதிரும்.

துவரையை அப்படியே போட்டால் குருணைதான் மிஞ்சும். தோலுக்கும் பருப்புக்கும் நடுவே பசை போன்ற ஒரு படலம் உண்டு. அதைத் தளர்த்தத்தான் நம் வீடுகளில் செம்மண் கட்டினார்கள். துவரையை ஊறவைத்து, செம்மண் குழம்பில் புரட்டி, ஓர் இரவு குவித்து வைத்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயப்போட்டு, மண்ணைச் சலித்துவிட்டு உடைப்பது அந்த முறை. ஊறும்போது உப்பி, காயும்போது சுருங்குவதால் தோல் விட்டுக்கொடுக்கிறது. இன்னொரு வழி எண்ணெய். முதலில் இடைவெளியைக் கூட்டி ஒரு சுற்று ஓட்டித் தோலில் கீறல் விழச் செய்து, 10 கிலோவுக்கு 50 முதல் 100 மில்லி வரை எண்ணெய் பிசிறி, காயவைத்து உடைக்க வேண்டும். செம்மண் கட்டியது எளிதில் உடையும், ஆனால் பருப்பு வேகச் சற்று நேரமாகும். எண்ணெய் முறையில் வேலை கூடுதல், பருப்பு சீக்கிரம் வேகும். வீட்டுத் தேவைக்கு என்றால் நான் எண்ணெய் முறையைத்தான் சொல்வேன்.

இடைவெளியைக் கூட்ட, முளையில் துணி வளையமோ எவர்சில்வர் வாசரோ மாட்டி மேல்கல்லைச் சற்று உயர்த்துங்கள். மாவுக்கு அதை எடுத்துவிடலாம். துவரையில் தோலின் பங்கு 10 முதல் 15 சதவீதம்தான். இருந்தாலும் கைத்திருகையில் 100 கிலோவுக்கு 65, 70 கிலோ முழுப்பருப்பு வந்தாலே நல்ல வேலை. மீதமுள்ள குருணையும் பொட்டும் கறவை மாட்டுக்கு ஆகும். உடைத்த பருப்பில் இன்னொரு லாபமும் உண்டு. பயறு வண்டு முழுப் பயறின் தோல் மேல்தான் முட்டையிட விரும்பும். தோல் நீக்கிய பருப்பில் அதன் தொல்லை குறைவு.

கம்புக்கும் திருகை பொருத்தமானது. கம்பில் கொழுப்பு அதிகம். அரைத்து வைத்தால் சில நாட்களிலேயே மாவு கசக்கத் தொடங்கும். மில்லில் மொத்தமாக அரைத்து வைத்துவிட்டு, கம்பங்கூழ் கசக்கிறது என்று தானியத்தின் மேல் பழி போடுகிறோம். இரண்டு மூன்று நாள் தேவைக்கு மட்டும், லேசாக வறுத்து அரைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை.

வரகை மட்டும் கருங்கல்லில் போடாதீர்கள். அதன் உமி பல அடுக்கு, கல்லில் நொறுங்கிப்போகும். அதற்கென்று களிமண்ணில் செய்த மண் திருகை இருந்தது. உமியைத் தேய்த்து எடுக்கும், அரிசியை உடைக்காது.

திருகை சுற்றுவது சுகமான வேலை என்று நான் சொல்ல வரவில்லை. விடியலுக்கு முன் எழுந்து அதைச் சுற்றியவர்கள் வீட்டுப் பெண்கள். கை மாற்றிக்கொள்ள ஆள் இருந்தால் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மோட்டார் பொருத்த நினைத்தால், கைத்திருகைக் கல்லை நேரடியாக மோட்டாரில் மாட்டவே கூடாது. வேகத்தில் கல் வெடித்துச் சிதறலாம். கியர் வைத்து, கையால் சுற்றும் வேகத்துக்கே குறைத்து, பெல்ட்டுக்குக் கம்பிவலைக் கூண்டு போட வேண்டும். முந்தானையையும் தலைமுடியையும் இறுகக் கட்டிக்கொண்டுதான் அருகில் போக வேண்டும்.